சுவரோடு பெயரும்: சென்னையின் பொதுவெளிக் கலையைப் படமெடுத்த ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் பெண்மணி விருதுநகர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார். கணவருக்கு வேலை மாற்றம் வந்தபோது சென்னைக்குக் குடிவந்து, இந்திரா நகரில் வீடு பிடித்து, தரமணியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். வந்து பல ஆண்டுகள் ஆகியும் வீடு, அலுவலகம், மகளின் பள்ளி, காய்கறிக் கடை என்ற வட்டத்துக்கு வெளியே இந்த ஊர் அவருக்குப் பழகவில்லை. யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் பிறந்த ஊரைத்தான் சொல்வார்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகின. பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, வார இறுதியில் நான் ஒருங்கிணைக்கும் சிறு புகைப்படக் குழுவில் சேர்ந்தார். பறவை, கோயில் தூண், மழைநாள் சாலை என்று எல்லோரும் எடுப்பதையே முதலில் எடுத்தார். பிறகு ஊரில் பொதுவெளியில் இருக்கும் ஓவியங்களையும் சிலைகளையும் மட்டும் எடுக்க ஆரம்பித்தார். அதன் பிறகு நடந்தவற்றை அவர் சம்மதத்துடன், பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் பலருக்கும் இதே கேள்விகள் வருகின்றன. இவர் ஒவ்வொன்றிலும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார் என்பதால் இதைப் பதிவு செய்யலாம் என்று தோன்றியது.

தினம் கடந்துபோன சுவர்

தொடக்கம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. 2021இல் சென்னை ஓவியர் ஏ-கில் தலைமையில் வரையப்பட்டவை அவை. பொதுவெளியில் ஓவியங்களை வரைவிக்கும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளை, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் முதலியவை இதில் சேர்ந்திருந்தன. அந்த முகங்களில் சில எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களுடையவை, மற்றவை அப்படி அல்ல. யார் எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சுவர் சொல்ல வந்ததே அதுதான்.

அவர் அந்தச் சுவரைத் தினமும் கடந்து போனவர். அழகான முகங்கள், நல்ல நிறம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். ஒரு முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துக் குழுவில் காட்டியபோது, படம் தொழில்முறையில் நன்றாகவே இருந்தது. இந்த ஓவியத்தின் பின்னணி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தார். அவர் விளக்கியதும், காட்டியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தனியா ஒரு முகத்தை மட்டும் எடுத்தா இந்த ஓவியம் சொல்ல வந்ததே போயிடுதே" என்றார்.

அடுத்த வாரம் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லா முகங்களும் வரிசையாகத் தெரியும்படி எடுத்து வந்தார். அழகு என்று பார்த்தால் முதல் படம்தான் மேல். ஆனால் ஓவியத்துக்கு நியாயம் செய்தது இரண்டாவது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: யார் செய்தது, எப்போது, எதற்காக என்று கேட்டு எழுதாமல் எந்தப் படத்தையும் "முடிந்தது" என்று ஒதுக்கி வைப்பதில்லை. இந்த ஆய்வில் வரும் மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்து கிளைத்தவை.

மெரினாவில் கிடைத்த நூலிழை

அப்புறம் மெரினா. காமராசர் சாலையில் நின்று கடலைப் பார்த்தால் கிழக்கைப் பார்க்கிறோம். காலையில் சூரியன் சிலைகளுக்குப் பின்னால் இருப்பதால் முகமெல்லாம் கறுத்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் போனால்தான் வெண்கலத்தின் மடிப்புகள் தெரியும். இதை அவர் யாரிடமும் கேட்காமல் தானே கண்டுகொண்டார்.

உழைப்பாளர் சிலையில்தான் அதிக நேரம் செலவிட்டார். நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிப் புரட்டும் அந்தச் சிலையை 1959இல் திறந்தார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் அவர் கைவேலைதான். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தின விழா நடத்திய அதே மெரினாவில்தான் இந்தச் சிலை நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தபோது, பாறையைத் தள்ளும் அந்த நால்வரைப் பார்க்கும் பார்வையே மாறியதாகச் சொன்னார்.

சிலையிலிருந்து கல்லூரிக்குப் போனார். பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ராய் சௌத்ரிக்குப் பின் அங்கே முதல்வரானவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அங்கே திறந்தவெளியில் நிற்கும் சிற்பங்களைப் படமெடுக்கப் போனபோது, தான் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடப்பதை உணர்ந்தார். நான்கு உழைப்பாளிகளில் தொடங்கி, ஒரு கல்லூரி வழியாக, கடலோரக் கிராமம் ஒன்றுக்கு வந்திருந்தார். இந்த ஊர் அவருக்குச் சொந்த ஊரானது இந்த மாதங்களில்தான் என்பது என் எண்ணம். சாலைப் பெயர்கள் எத்தனை தெரிந்தாலும் வராத உறவு, ஒரு சிலையைச் செய்தவரின் மாணவர் யார் என்று தெரிந்தபோது வந்தது.

சிலைகளும் நிலையானவை அல்ல என்பதும் அப்போது அவருக்குப் புரிந்தது. கண்ணகி சிலை 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டு, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் வைக்கப்பட்டது. சிவாஜி கணேசன் சிலை 2006இல் காமராசர் சாலையில் வைக்கப்பட்டு, 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. இடம், தேதி இரண்டும் இல்லாத படத்தைப் பிற்காலத்தில் எங்கே வைத்துப் பார்ப்பது? அதனால் ஒவ்வொரு படத்துடனும் ஓர் அட்டை எழுதத் தொடங்கினார். நின்ற இடம், தேதி, மணி, செய்தவர், பொருள், தற்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்தார். கடைசியில் "பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்தார். அந்தக் கட்டத்தைக் குழுவில் சிலர் தேவையற்றது என்றார்கள். கண்ணகி நகருக்குப் போனபோது அதுதான் முக்கியமாயிற்று.

கண்ணகி நகரில் கேட்கப்பட்ட கேள்வி

துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டிலிருந்து உருவான மறுகுடியமர்வுப் பகுதி. நகரின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும், பிறகு சுனாமியால் வீடிழந்தவர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்த இடம் ஒன்று, வீடு கிடைத்த இடம் இன்னொன்று. அந்தப் பெயரைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியாவும் ஏசியன் பெயின்ட்ஸும் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைவித்தன. இந்தியக் கலைஞர்களோடு வெளிநாட்டவரும் வரைந்தார்கள்.

அதன் பிறகு கேமராவுடன் வருபவர்கள் கூடினார்கள். எங்கள் குழுவும் ஒரு ஞாயிறு போனது. கேமராக்கள் எல்லாம் மேல்நோக்கி இருந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் இவரைக் கேட்டார்: "செவுத்த மட்டும் எடுக்கிறியாக்கா, இல்ல எங்களையும் சேத்தா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. ஆனால் இவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தன் திரையைப் பார்த்தார். சுவரை முழுதாக எடுத்த படங்களில் துணி காயும் கொடியும், தண்ணீர்க் குடங்களும், ஜன்னலில் நின்ற ஒரு சிறுமியும் இருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. சுவரை நெருக்கமாக எடுத்த படங்களில் அந்த இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே தெரியவில்லை. சேர்த்து எடுத்தால் அனுமதி இல்லாத படம், விட்டு எடுத்தால் பொய்யான படம் என்று ஆனது.

அன்று எடுத்தவற்றில் முகம் தெரிந்த படங்களை அழித்துவிட்டார். இனிமேல் கூட்டமாகப் போவதில்லை என்று முடிவு செய்தார். பத்துப் பேர் கேமராவுடன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அங்குள்ளவர்கள் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள், பார்க்கப்படும் நிலையில்தான் இருப்பார்கள் என்று காரணம் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது. குழுவின் சுற்றுகளில் குடியிருப்புப் பகுதிகளை அத்துடன் விட்டோம்.

பிறகு அவர் தனியாக, சில வாரங்கள் கேமராவை வெளியே எடுக்காமலே போய் வந்தார். பூக்கட்டும் அந்தப் பெண்ணுடன் பேச்சுப் பழக்கம் உண்டாயிற்று. முகம் தெரியும் படம் என்றால் அவர்களிடம் கேட்ட பிறகு எடுத்தார். குழந்தைகள் என்றால் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டார். எடுத்த படத்தை அச்சிட்டு அடுத்த முறை கையில் கொடுத்தார். "போன்ல அனுப்புறேன்னு சொல்றவங்க யாரும் அனுப்பினதில்ல" என்று ஒரு பாட்டி சொன்னதுதான் அச்சிடும் முடிவுக்குக் காரணம். செலவு கொஞ்சம் ஆயிற்று. அதை அவர் படமெடுப்பதன் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்.

"பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்" என்ற கட்டம் நிரம்பியது இப்படித்தான். வழி சொல்வது இப்போது எளிது, ஓவியத்தைச் சொன்னால் ஆட்டோக்காரர் வந்துவிடுகிறார் என்றார் ஒருவர். வெளியாட்கள் வந்து போவதால் பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றார் இன்னொருவர். சுவருக்குச் செலவழித்ததைக் குழாய்க்குச் செலவழித்திருக்கலாம் என்று மூன்றாமவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதினார், எதையும் சமன்செய்ய முயலவில்லை.

நிறம் மங்குவதைப் பதிவு செய்தல்

ஒரே சுவருக்குத் திரும்பத் திரும்பப் போனதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளிச்சுவர் ஓவியம் சீராக மங்குவதில்லை. மேற்கு வெயில் படும் சுவரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கின்றன. கழிவுநீர்க் குழாய் கசியும் இடத்தில் கறுப்புக் கோடு இறங்குகிறது. தரையிலிருந்து ஆள் உயரம் வரை ஈரம் ஏறி, உப்புப் பூத்து, வண்ணம் செதிளாக உரிகிறது. பந்து பட்ட இடம், சைக்கிள் சாய்த்த இடம் எல்லாம் தனியாகத் தெரியும்.

இதைச் சரியாகப் பதிவு செய்ய ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். சாலையில் மாறாத ஒன்றை, அதாவது மின்கம்பத்தையோ வாய்க்கால் மூடியையோ, அடையாளமாக வைத்துக்கொண்டார். நிறத்தை ஒப்பிட ஒரு சாம்பல் நிற அட்டையைச் சுவரில் சாய்த்து ஒரு படம் தனியாக எடுத்தார். அகல லென்ஸில் சுவர் மேலே குறுகித் தெரிந்ததால், தெருவின் எதிர்ப்பக்கம் போய் 50 மி.மீ. லென்ஸுக்கு மாறினார்.

மங்கிய ஓவியங்களை மீண்டும் வரையச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. அவர் மறுத்தார். அந்தச் சுவரில் அடுத்து என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான், கேமராவுடன் வந்துபோகும் ஒருவர் அதைக் கேட்கக் கூடாது என்றார்.

வெள்ளையடிக்கப்பட்ட சுவரும் ஒரு பெயின்டரும்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. அவர் அலுவலகம் போகும் வழியில் ஒரு நீளமான சுற்றுச்சுவரில் பழைய பாணியில் ஏர் உழுதல், பொங்கல், காளை, கோலம் போடும் பெண் என்று தொடர்ச்சியாக ஓவியங்கள் இருந்தன. பெரிய கலைஞர்கள் வரைந்ததல்ல, விளம்பரப் பலகை எழுதும் பெயின்டர்களின் வேலை. ஒரு காலத்தில் சினிமா பேனரும் கட்-அவுட்டும் எழுதிய கைகள் இவை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் சரிந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநகராட்சி, சுவரொட்டிகளைத் தடுக்க அண்ணா சாலை முதலிய இடங்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைவித்தபோது, இப்படிப்பட்டவர்கள் சிலருக்கு வேலை கிடைத்தது. அதைப் பார்த்துப் பல தனியார் சுவர்களிலும் அதே மாதிரி வந்தது.

ஒருநாள் அந்தச் சுவர் முழுதும் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. அவரிடம் படங்கள் இருந்தன. செய்தவர் பெயர் மட்டும் இல்லை. எல்லாப் படங்களிலும் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தார், ஏனென்றால் கீழே சுவரொட்டிக் கிழிசலும் எச்சில் கறையும் இருந்தன. சுவர் பெயின்டர்கள் பெயர் எழுதுவது வலது கீழ் மூலையில்தான்.

பழைய கோப்புகளில் தேடினார். மழைநாளில் ஆட்டோ ஒன்றை எடுத்த படத்தின் பின்னணியில் அந்த மூலை கிடைத்தது. பெயரில் பாதியும் "ஆர்ட்ஸ்" என்ற சொல்லும் தெரிந்தன. அந்த வட்டாரத்தில் டீக்கடைகளில் விசாரித்ததில் பயன் இல்லை. கடைசியில் ஒரு பெயின்ட் கடைக்காரர் அடையாளம் சொன்னார். எனாமல் வாங்க வருபவர்களை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

பெயின்டருக்கு அறுபது வயதுக்கு மேல். இப்போது வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறார், தேர்தல் வந்தால் கட்சிகளுக்குச் சுவர் எழுதுகிறார். அச்சிட்ட படத்தை நீட்டியபோது முதலில் வாங்கவே இல்லை. ஏதோ புகார் என்று நினைத்திருக்கிறார். "அண்ணே, நீங்க வரைஞ்சதுதானே? பேர் எழுதிக்கணும்" என்று சொன்ன பிறகுதான் கண்ணாடியை எடுத்துப் போட்டார். சிறு படத்தின் மேல் கட்டம் போட்டு அதைச் சுவரில் பெரிதாக்கியது, காளையை மட்டும் கட்டம் இல்லாமல் வரைந்தது, கோலம் போடும் பெண்ணுக்குத் தன் மனைவியின் சாயல் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தான் செய்த வேலையின் ஒரு படம்கூட அவரிடம் இல்லை. அந்தக் காலத்தில் கேமரா யாரிடம் இருந்தது என்றார்.

அட்டையில் அவர் பெயரும், கூட வரைந்த இருவரின் பெயரும் ஏறின. அந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் பெயர் எழுத்தில் இருக்கும் இடம் இன்று அநேகமாக இந்த அட்டை மட்டுமே.

படத்தைப் பயன்படுத்தும் உரிமை

இந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் நாட்காட்டிக்காக இவருடைய படங்களைக் கேட்டது. நல்ல தொகை. கேட்கப்பட்ட படங்களில் சிலைகளும் சுவரோவியங்களும் கலந்திருந்தன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பங்களைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கட்டடங்களுக்கும் அப்படியே. ஆனால் அந்த விலக்கு, ஓவியங்களைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. சுவரோவியத்தின் படத்தை வணிகத்துக்குக் கொடுப்பது ஓவியரைக் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் அல்ல என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 57ஆம் பிரிவு, படைத்தவராக அறியப்படும் உரிமையையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் கலைஞருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பாழானதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே அவருக்கு இழப்பீடும் மிச்சப் பாகங்களும் தரச் சொன்னது.

சட்டத்தைப் படித்த பிறகு அவர் சிலைகளின் படங்களை மட்டும், சிற்பியின் பெயரை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுக்க முன்வந்தார். சுவரோவியங்களுக்கு அந்தந்த ஓவியரிடம் கேளுங்கள் என்றார். நிறுவனம் முழுவதையும் கைவிட்டது. பணம் போனது. வீட்டில் அதற்காகக் கொஞ்சம் பேச்சும் கேட்டார். ஆனால் பெயின்டரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்த பிறகு அவரால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

விளைவு

கண்ணகி நகரில், குடியிருப்புக்குள்ளேயே ஒரு சிறிய அறையில், படங்களை ஒருநாள் மாட்டினார். வெளியாட்களை அழைக்கவில்லை. அட்டைகளைப் பென்சிலில் எழுதி, தவறு இருந்தால் திருத்துங்கள் என்று பக்கத்தில் பேனாவையும் வைத்தார். வந்தவர்கள் உண்மையிலேயே திருத்தினார்கள். ஓவியர்களுக்குச் சாரம் கட்டியவர் யார், அவர்களுக்கு எந்த வீட்டிலிருந்து டீ போனது, எந்தச் சிறுவன் வண்ண டப்பா தூக்கினான் என்ற விவரங்கள் ஓரங்களில் ஏறின. இரண்டு படங்களை மாட்ட வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட குடும்பங்கள் சொன்னதால் அப்போதே கழற்றினார்.

பெயின்டரும் வந்திருந்தார். தெருப் பையன்கள் இருவர், கட்டம் போடுவதைச் சொல்லித்தரக் கேட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். அது தொடரவில்லை. அவருக்கு அவ்வளவு தூரம் அடிக்கடி வந்துபோக முடியவில்லை.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

இதே வேலையை இன்னொருவர் தொடங்கினால் நான் முதலில் சொல்வது, சட்டகத்தின் கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள் என்பது. அழகான படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே நான்கு மூலைகளும் தரையும் தெரியும் படம் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். பெயர், தேதி, வண்ணக் கம்பெனி முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, சாதாரணச் சுவர்களிலிருந்து தொடங்க வேண்டும். மெரினா சிலைகளைப் பற்றி எழுத்தில் நிறைய இருக்கிறது. அவை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். டீக்கடைச் சுவரில் இருக்கும் காளை அடுத்த பொங்கலுக்கு இருக்குமா என்பது சொல்ல முடியாது, வரைந்தவருக்கும் வயதாகிறது. இவர் வரிசையை மாற்றியிருந்தால் கூட வரைந்து, இறந்துபோன அந்தப் பெயின்டரிடமும் பேசியிருக்கலாம்.

குழுவாக நாங்கள் செய்துகொண்ட மாற்றம் ஒன்றே ஒன்று. செய்தவர் பெயர் எழுதாத பொதுவெளிக் கலைப் படத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இப்போது விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. பெயர் கிடைக்கவில்லை என்றால் எங்கெங்கே கேட்டீர்கள் என்று எழுதி வர வேண்டும். அவர் இப்போது பெயின்ட் கடைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார், அடையாறிலிருந்து வேளச்சேரி வரை.